நூற்றெட்டுத் தேங்காயின் எடை

"வித்துராவுக்குப் போன கேனை எல்லாம் திருப்பி எடுங்க, அண்ணாச்சி. இன்னைக்கே எடுக்கணும்."

ஷிஜா நின்றுகொண்டேதான் சொன்னாள். கோலப்பன் அண்ணாச்சியிடம் எதையும் கேட்டுவிடக் கூடாது என்பது அவள் வீட்டுச் சட்டம். அம்மா வடிவம்மாள் பழவங்காடிப் பிள்ளையார் கோயில் பக்கம் தேங்காய் விற்பது அண்ணாச்சியின் பலசரக்குக் கடை முகப்பில். அவர் முகம் சுளித்தால் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்த மகளை அவரே தன் கம்பெனி லேபில் எடுத்துக்கொண்டபோது அம்மா பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்து அதையே ஓதினாள். லீவு கேட்காதே, சம்பளம் கூட்டிக் கேட்காதே, எதையும் கேட்காதே. கம்பெனிக்குள் நுழைந்ததும் மேனேஜர் ராகேஷ் தன் பங்குக்கு ஒன்று சொன்னான். வெளியே போன சரக்கு போனதுதான், திருப்பி எடுக்கிற பேச்சே இங்கே ஆகாது.

இரண்டையும் அவள் ஒரே மூச்சில் மீறியிருந்தாள்.

அண்ணாச்சி பால் விடாத கட்டஞ்சாயா டம்ளரை மேசையில் வைத்தார். கோபப்படவில்லை. பிள்ளை ஏதோ உளறுகிறது என்கிற மாதிரி பார்த்தார்.

"எதுக்கு மக்கா?"

"அதுல கால்சியம் கூடிப்போச்சு. ஆள் செத்தாச்சு."

கரமனை ஆற்றுக்கு அப்பால் தொழிற்பேட்டையில் இருந்த அந்தக் கம்பெனி செய்தது ஒரே சரக்கு. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு டயாலிசிஸ் பண்ணும்போது இயந்திரத்துக்குள் போகிற உப்புக் கரைசல். சோடியம், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம் எல்லாவற்றையும் அளவோடு கரைத்து வெள்ளைக் கேனில் அடைத்து அனுப்புவார்கள். ஆஸ்பத்திரியில் அதைத் தண்ணீரோடு கலந்து ஓடவிடுவார்கள். மெல்லிய சவ்வுக்கு ஒரு பக்கம் நோயாளியின் ரத்தம் ஓடும், மறுபக்கம் இது ஓடும். இதில் எது கூடுதலோ அது ரத்தத்துக்குள் ஏறிவிடும். நல்ல சிறுநீரகம் உள்ளவன் கூடுதலை வெளியே தள்ளிவிடுவான். இவர்களுக்கு அந்த வழி கிடையாது. அதனால்தானே நாற்காலியில் வந்து கிடக்கிறார்கள்.

நேற்றுச் சாயங்காலம் வித்துரா டயாலிசிஸ் சென்டரிலிருந்து நர்ஸ் ஆர்ஷா கூப்பிட்டிருந்தாள். தர்மத்துக்கு நடக்கிற சின்ன சென்டர் அது, பொன்முடி, போனக்காடு எஸ்டேட் ஆட்களுக்கு அதை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. புது கேன் திறந்த நாளிலிருந்து நாற்காலியில் உட்காருகிற எல்லோரும் வாந்தி எடுக்கிறார்கள், தலை பிளக்கிறது என்கிறார்கள், பிரஷர் ஏறுகிறது என்று ஆர்ஷா மலையாளத்தில் மூச்சுவிடாமல் சொன்னாள். திரவியம் என்று ஒருவர், பொன்முடி எஸ்டேட்டில் லயத்து வரிசை வீட்டுக்காரர், தேயிலைக்கு மருந்தடித்துக் காலத்தை ஓட்டியவர். முந்தாநாள் ஷிஃப்ட் முடிந்ததும் நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். இரவு இங்கேயே தங்குங்கள் என்று ஆர்ஷா கெஞ்சியிருக்கிறாள். மேலே போகிற கடைசி பஸ்ஸை விட்டால் மறுநாள்தான், வீட்டில் பெண்டாட்டி தனியாக இருக்கிறாள் என்று சொல்லி ஏறிப் போய்விட்டார். வளைவுகள் தொடங்கும்போது ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்திருக்கிறார். தூங்குகிறார் என்று கண்டக்டர் எழுப்பவில்லை. லயத்து நிறுத்தத்தில் இறக்கத் தொட்டபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

கேனைக் கொட்டிவிடு என்று ஷிஜா சொன்னாள். கொட்டிவிட்டு எதை ஓட்டுவது என்று ஆர்ஷா கேட்டாள். அவர்களிடம் வேறு சரக்கு இல்லை. இயந்திரம் மொத்த உப்பு மின்சாரத்தைக் கடத்துகிற அளவைத்தான் பார்க்கும், அது சரியாகவே காட்டுகிறது. ஒரு கூடை அரிசியில் இரண்டு மணி கூடினால் தராசு அசையாதது மாதிரி, அத்தனை சோடியத்துக்குள் இந்தக் கால்சியம் அதற்குத் தெரியாது. கம்பெனி சொல்லட்டும், இல்லையென்றால் ரிசல்ட்டைக் காட்டுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இன்றைக்கு அங்கே ஷிஃப்ட் இல்லை, நாளைக் காலை மறுபடி ஆட்கள் வந்து உட்காருவார்கள். அதே கேன்தான் ஓடும்.

ஃபோனை வைத்ததும் ஷிஜா கலவை அறைக்குப் போனாள். அங்கே உப்பை நிறுத்துப் போடுவது ஜெபமலர். களியக்காவிளைக்காரி, நாற்பது தாண்டியவள். கால்சியம் குளோரைடைத் தனியாகப் பக்கெட்டில் கரைத்து, அப்புறம்தான் பெரிய டேங்கில் ஊற்றுவது வழக்கம். போன பேட்சில் ஏதாவது வித்தியாசமாக இருந்ததா என்று ஷிஜா கேட்டதற்கு அவள் தலையை ஆட்டி இல்லை என்றாள். ஆனால் வலது கையைப் பின்னால் மறைத்தாள். பிடித்து இழுத்துப் பார்த்தால் முழங்கை வரை தோல் உரிந்து சிவந்து கிடந்தது.

"பக்கெட்டு கொதிச்சுப்போச்சு பிள்ளே. எப்பவும் எளஞ்சூடா இருக்கும், அன்னைக்கு அடுப்புல வச்ச மாதிரி. கை பொள்ளினதுக்கு பேஸ்ட்டு தேச்சேன். சொன்னா நான் என்னமோ தப்பா கலக்கினேன்னு ராகேஷ் சாரு சாடுவாரு."

ஷிஜா மூலையில் கிடந்த சாக்கைப் புரட்டினாள். எப்போதும் வருகிற சாக்கு அல்ல. நீர் நீக்கிய கால்சியம் குளோரைடு என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. இன்றைக்குக் காலையில், அந்தப் பேட்சில் ராகேஷ் ஓரமாக எடுத்து வைத்திருந்த சாம்பிள் பாட்டிலைத் திறந்து, கால்சியம் அளவைப் பார்க்கிற டைட்ரேஷன் சோதனை போட்டாள். ஒரு முறை நம்பாமல் இன்னொரு முறை போட்டாள். இந்தச் சோதனையைத்தான் அந்தப் பேட்சுக்குச் செய்யவில்லை. அதற்கான ரீஏஜென்ட் மருந்து தீர்ந்து கிடந்தது, மின்கடத்தல் பார்த்தால் போதும், கையெழுத்துப் போடு என்று ராகேஷ் நின்றான். அவள் போட்டாள். புது ரீஏஜென்ட் இன்றைக்குக் காலையில்தான் வந்தது.

இதெல்லாம் ஷிஜா அண்ணாச்சியிடம் சொல்லி முடித்தாள். அவர் ராகேஷைக் கூப்பிட்டார். அவன் வந்து, விஷயம் கேட்டு, ஷிஜாவை ஒரு முறை முறைத்தான். எம்.எஸ்சி. படித்தவன். கல்லூரியில் வாங்கிய மார்க்கை இன்றைக்கும் ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருப்பவன்.

"ரெண்டும் ஒரே ஐட்டம் தன்னே சார். கால்சியம் குளோரைடு. இது கூடுதல் பியூர், அவ்வளவுதான். ஷிஜா சும்மா பேடிச்சு பயப்படுறா."

அண்ணாச்சிக்கு முகம் தெளிந்தது. பழைய சப்ளையரிடம் சரக்கு இல்லாமல் போனபோது இதை எடுத்தது அவர்தான். கிலோவுக்கு விலை கூட. தண்ணீர் சேராத சரக்கு என்று சொன்னதும் யோசிக்காமல் வாங்கினார். சாலைத் தெருவில் அவர் அப்பா காலத்திலிருந்து அதுதான் அவர்கள் பெருமை. பாலில், நெய்யில், தேனில் தண்ணீர் சேர்க்கிறவன் கட்டையில் போவான் என்கிற வியாபாரம். சுத்தமான சரக்கைப் போட்டதற்கு ஒருத்தி வந்து ஆள் செத்தான் என்கிறாளே என்று அவருக்கு மெய்யாகவே விளங்கவில்லை. அதை அவர் முகத்தில் ஷிஜா கண்டாள். கண்டதும் அவளுக்கு ஒரு நம்பிக்கை வந்தது. புரியாமல்தான் இருக்கிறார். புரிந்துவிட்டால் செய்வார்.

துகள்களை எண்ணிக்கையில் பார்க்கிற இந்த மோல் கணக்கு அவளுக்கும் ஒரு காலத்தில் புரியாததுதான். பிளஸ் ஒன்னில் சார் கரும்பலகையில் ஓர் எண்ணை எழுதினார். ஆறுக்குப் பின்னால் இருபத்து மூன்று பூஜ்யம். இதுதான் ஒரு மோல், மனப்பாடம் பண்ணு என்றார். ஏன் என்று கேட்டதற்கு, தமிழ்ப் பிள்ளைகளுக்கு மலையாளம் மீடியத்தில் பிடி கிடைக்காது என்று கிளாஸ் முழுக்கச் சிரிக்க வைத்தார். அவளுக்கு அது பழவங்காடியில்தான் பிடி கிடைத்தது. பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டு நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கிற நேர்ச்சை. அம்மா லாரியில் தேங்காயைக் கிலோவுக்கு வாங்குவாள், கோயிலுக்கு வருகிறவனுக்கு எண்ணிக் கொடுப்பாள். ஒரு முறை லாரிக்காரன் பாதி கதம்பையோடு, உரிக்காத மட்டையோடு, இறக்கிவிட்டுப் போனான். கிலோ சரியாக இருந்தது. நேர்ச்சைக்காரன் வந்து நின்றபோது எண்ணிக்கை வரவில்லை. அம்மா லாரிக்காரனின் ஏழு தலைமுறையை இழுத்துத் திட்டிக்கொண்டிருக்க, பள்ளிச் சீருடையோடு ஓரத்தில் நின்ற ஷிஜாவுக்குச் சட்டென்று விளங்கியது.

அதையே இப்போது அண்ணாச்சியிடம் சொன்னாள். அவர் மேசை மேல் இருந்த கால்குலேட்டர், பேனா எதையும் அவள் தொடவில்லை.

"அண்ணாச்சி, நூத்தெட்டுத் தேங்கான்னா எவ்வளவு எடை?"

"என்ன தேங்கா? உரிச்சதா, உரிக்காததா?"

"அதைத்தான் சொல்லுகேன். நூத்தெட்டுங்கது எண்ணிக்கை. எடை என்னங்கது எந்தத் தேங்காங்கதைப் பொறுத்தது. மோலும் அது மாதிரி ஒரு எண்ணிக்கைதான், பெரிய எண்ணிக்கை. நம்ம பழைய சரக்கு கதம்பையோட உள்ள தேங்கா. ஒவ்வொரு கால்சியம் குளோரைடுலயும் ரெண்டு தண்ணி ஒட்டிக்கிட்டு இருக்கும். அதுல ஒரு மோல் நூத்தி நாப்பத்தேழு கிராம். நீங்க வாங்கின புது சரக்கு உரிச்சது. அதே எண்ணிக்கை நூத்திப் பதினொரு கிராம்தான் வரும். நம்ம அளவுச் சீட்டுல கிராம் போட்டிருக்கது கதம்பையோட உள்ளதுக்கு. ஜெபமலரக்கா அதே கிராமுக்கு உரிச்சதை நிறுத்துப் போட்டுட்டா."

ராகேஷ் வாயைத் திறந்தான். அண்ணாச்சி கையைக் காட்டி அவனை நிறுத்தினார். அவர் கண் மேசைக் கண்ணாடியில் எங்கோ நின்றது. உதடு மட்டும் அசைந்தது. வாழ்நாள் முழுக்க எடையையும் எண்ணிக்கையையும் மாற்றி மாற்றிப் பார்த்த மூளை அது. எம்.எஸ்சி.க்காரன் முகத்தில் இன்னும் வராத வெளிச்சம் அந்த முகத்தில் வந்தது.

"அப்பம் மூணு போக வேண்டிய எடத்துல நாலு போயிருக்கு."

"ஆமா."

"சாமி எண்ணித்தான் வாங்கும். நிறுத்து வாங்காது."

"ஒடம்பும் அப்படித்தான் அண்ணாச்சி. ரத்தத்துக்குக் கிராம் தெரியாது."

அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்தார். கீழே யாரோ கேன்களை அடுக்குகிற சத்தம். ஷிஜாவுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது, நல்ல விதமாக. தன் வாழ்க்கையில் இவ்வளவு நன்றாக யாருக்கும் எதையும் விளக்கியதில்லை என்று தோன்றியது. ராகேஷிடம் டிரைவரைக் கூப்பிடச் சொல்லப் போகிறார் என்று காத்து நின்றாள்.

"ராகேஷே, கதவைச் சாத்து," என்றார் அண்ணாச்சி.

கதவு சாத்திய பிறகு அவர் பேசியது முழுக்க மெதுவான குரலில்தான். வெள்ளிக்கிழமை டெண்டர் திறக்கிறார்கள். சர்க்கார் ஆஸ்பத்திரிகள் மொத்தத்துக்கும் சப்ளை. இன்றைக்கு ஒரு கேன் திரும்பி வந்தாலும் நாளைக்குப் பத்திரிகையில் வரும், கம்பெனி பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறும், இங்கே சம்பளம் வாங்குகிற குடும்பங்கள் தெருவில் நிற்கும். வித்துராவில் இருப்பது இனி எத்தனை கேன்? இரண்டு நாளில் அதுவே தீர்ந்துபோகும். அடுத்த பேட்சில் சரியான அளவு போட்டு முதலில் அங்கேயே அனுப்பலாம். வேண்டுமென்றால் காசு வாங்காமலே அனுப்பலாம், தர்ம சென்டர்தானே. கையைப் பொள்ளிக்கொண்ட ஜெபமலரை இந்த மாசத்தோடு நிறுத்திவிட்டால் நாளைக்கு யாராவது கேட்டாலும் கலக்கினவள் தப்பு என்று முடிந்துவிடும்.

"ரெண்டு நாளைக்கு எத்தனை பேர் உக்காருவாங்க தெரியுமா?" என்றாள் ஷிஜா.

"அவங்க எல்லாம் ஏற்கெனவே பாதி போன ஆளுக, மக்கா. அந்தப் பொன்முடிக்காரன் இதுல இல்லேன்னா வேற ஒண்ணுல போயிருப்பான். யாரு நிரூபிக்க முடியும்?"

"உங்களுக்குப் புரிஞ்சுதுல்லா?"

"புரிஞ்சுது. ராகேஷுக்குப் புரிஞ்சதை விட நல்லாவே புரிஞ்சுது." அவர் கட்டஞ்சாயாவை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார். ஆறிப்போயிருந்தது போல, முகத்தைச் சுளித்தார். "புரிஞ்சதனாலதான் கதவைச் சாத்தச் சொன்னேன்."

இருபத்து மூன்று வயது வரை ஷிஜா ஒரே ஒரு விஷயத்தை நம்பி வந்திருந்தாள். மனிதர்கள் கெட்டது செய்வது தெரியாமல்தான், தெரியவைத்தால் போதும். அதற்காகத்தான் மண்ணெண்ணெய் வாசமடிக்கிற ஒற்றை அறையில் அப்பாவின் இருமலுக்கு நடுவே படித்தாள். அதற்காகத்தான் குடும்பத்தில் முதல் ஆளாய்ப் பட்டம் வாங்கினாள். இந்த மனிதர் ஒரே நிமிஷத்தில் புரிந்துகொண்டார். பிளஸ் ஒன் சாரை விட, கல்லூரி லெக்சரரை விட அழகாக, ஒரு பேனா கூட எடுக்காமல் மூன்றுக்கு நான்கு என்று கண்டுபிடித்தார். கண்டுபிடித்துவிட்டு, அந்த நான்காவது தேங்காயைத் திரவியத்தின் தலையில் உடைத்தது சரிதான் என்கிறார். புரியாத ராகேஷையாவது மன்னிக்கலாம் போலிருந்தது.

"பாஸ் போட்ட கையெழுத்து ஆரோடது?" ராகேஷ் முதல் முறையாகச் சிரித்தான். "போலீஸ் வந்தா முதல்ல உன்னைத்தான் கூப்பிடும்."

"என்னோடதுதான். அதனாலதான் வந்து கேக்கேன். உன்னோடதா இருந்தா நீ கேப்பியா?"

இதுவரை அவனை அவள் சார் என்றே கூப்பிட்டிருந்தாள். அவன் சிரிப்பு நின்றது.

அண்ணாச்சி முன்னால் குனிந்தார். குரலில் இப்போதும் சூடு இல்லை. அதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. சின்னப் பிள்ளையிலிருந்து பார்க்கிற பெண் என்றார். தன் கடை முகப்பில் அவள் தவழ்ந்திருக்கிறாள் என்றார். உன் அம்மா தேங்காய் விற்ற காசில்தான் நீ காலேஜ் படித்தாய், அந்தக் காசு யாருடைய வாசலில் விழுந்தது என்று ஒரு தடவை யோசித்துப் பார் என்றார். மழையானாலும் வெயிலானாலும் அந்தக் கூரைக்குக் கீழே இருந்து யாரும் வடிவம்மாளை எழுப்பியதில்லை என்றார்.

"நாளைக்கும் வடிவு அங்க இருக்கணும்லா?"

"இல்ல அண்ணாச்சி. அம்மா மத்தியானமே கூடையை எடுத்தாச்சு."

அவர் புருவம் சுருங்கியது. பொய்யோ என்று பார்த்தார். பொய் இல்லை. டைட்ரேஷன் இரண்டாம் முறையும் அதே இடத்தில் நிறம் மாறியபோதே ஷிஜா லேபிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டிருந்தாள். திரவியம் உனக்கு யார், மாமனா மச்சானா, எவனோ எஸ்டேட்காரன் செத்ததற்கு நம் அடுப்பில் ஏன் தண்ணீர் ஊற்றுகிறாய் என்று அம்மா ஃபோனில் கத்தினாள். படிக்க வைத்த நாளைச் சபித்தாள். ஷிஜா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கூடையை அண்ணாச்சி எடு என்று சொல்லி எடுக்கப் போகிறாயா, நீயாக எடுக்கப் போகிறாயா என்று மட்டும் கேட்டாள். தேங்காயை அள்ள வேண்டும், சாக்குப் பிடிக்க ஆள் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அம்மா ஃபோனை வைத்தாள்.

"அப்பம் எல்லாம் முடிவு பண்ணிட்டுத்தான் மேல ஏறி வந்தியா?" என்றார் அண்ணாச்சி. "பின்ன எதுக்கு இங்க நின்னு தேங்காக் கணக்குப் பேசுகே?"

"வண்டி உங்ககிட்ட இருக்கு. நீங்க எடுத்தா சாயங்காலத்துக்குள்ள எல்லா கேனும் வந்திரும். நான் பஸ்ஸுல போகணும். அதனால கேட்டேன்."

அவர் ராகேஷைப் பார்த்தார். ராகேஷ் கதவுப் பக்கம் நகர்ந்து நின்றான், மறிக்கிறானா வழிவிடுகிறானா என்று அவனுக்கே தெரியாத மாதிரி. ஷிஜா தோளில் கிடந்த சாப்பாட்டுப் பையை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் சோற்றுப் பாத்திரம் இல்லை. பேட்ச் சாம்பிள் பாட்டிலும், சாக்கிலிருந்து வெட்டியெடுத்த துண்டும், அவள் கையெழுத்துப் போட்ட டைட்ரேஷன் ரிசல்ட் இரண்டு பிரதியும் இருந்தன. ஆர்ஷாவின் டாக்டருக்கு ஒன்று, மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு ஒன்று. முந்தைய கையெழுத்துக்கு என்ன வருமோ வரட்டும் என்று அந்தத் தாளிலேயே எழுதியிருந்தாள், தப்பான பேட்சுக்குப் பாஸ் போட்டது நான் என்று.

"ஷிஜா, ரெண்டு நிமிஷம் இருந்து பேசலாம்," என்றான் ராகேஷ்.

அவள் அவனைத் தாண்டிக் கதவைத் திறந்தாள்.

படியில் இறங்கும்போது கீழே ஜெபமலர் கையில் துணி சுற்றிக்கொண்டு கேன் மூடிகளைத் திருகிக்கொண்டிருந்தாள். ஷிஜா குனிந்து, வெறும் பேப்பரில் யார் கையெழுத்துக் கேட்டாலும் போடாதே, அந்தக் கையைப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி எப்படிப் பொள்ளியது என்று சீட்டில் எழுதி வாங்கு என்றாள். ஜெபமலர் பயந்து மாடியைப் பார்த்தாள்.

"நீ எங்க பிள்ளே போற?"

"வித்துராவுக்கு."

வெயில் இன்னும் இறங்கவில்லை. கேட்டில் வாட்ச்மேன் டியூட்டி முடியலியே என்று கேட்டதற்கு முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு, நெடுமங்காடு வழி பஸ் நிற்கிற பக்கம் நடந்தாள்.